‘குற்ற உணர்வு’ வேண்டாம், ‘உறுத்தல்’ போதும்: ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து உளவளத்துணை (கவுன்சலிங்) தொண்டர்களுக்கான கையேட்டில் மூளையைப் பற்றிய பகுதியை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘குற்ற உணர்வு’ என்று வரும் இடமெல்லாம் ‘உறுத்தல்’ என்று போட வேண்டும் என்பது என் கட்சி. இத்தனை காலம் புழங்கிய சொல்லை ஏன் தொட வேண்டும் என்று யாழ்ப்பாணத்து அண்ணன் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உணர்வுக்கென்று மூளையில் தனியாக ஒரு மையம் கிடையாது. ஸ்கேன் ஆய்வுகளில் சில பகுதிகள் கூட்டாக வேலை செய்வது தெரிகிறது. நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய புறணி (மூளையின் மேலடுக்கு), காதுக்குச் சற்று மேலே மூளையின் பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடம் ஆகிய இரண்டும் அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பவை. மூளையின் உட்பக்கத்தில் வளைந்து கிடக்கும் சிங்குலேட் புறணியின் முன்பகுதி, நினைத்ததற்கு மாறாக ஏதோ நடந்துவிட்டது என்பதைப் பிடித்துக்கொள்ளும். மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலாவின் முன்பகுதிக்கு உடம்பின் உட்புறத்தை உணரும் வேலை: வயிறு பிசைவது, நெஞ்சு அடித்துக்கொள்வது எல்லாம் அங்கேதான் தெரிய வருகிறது. ‘என்னால் ஒருவருக்கு நோவு’ என்ற எண்ணம் இப்படி உடம்பில் ஒரு வேதனையாக இறங்குகிறது. நெற்றிப் புறணியின் அடிப்பக்கம் காயம்பட்டவர்களில் பலர் எது சரி, எது பிழை என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால் பிழை செய்தபின் வர வேண்டிய அந்த வேதனை அவர்களிடம் மங்கிப்போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான் சொன்ன வேலைகளில் எதற்கும் உண்மையான குற்றம் தேவையில்லை. ‘அன்றைக்கு நான் போயிருந்தால்’, ‘அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்’ என்று நடக்காத ஒன்றை நினைத்துப் பார்க்க முடிந்தாலே போதும், வேதனை முழுதாக வந்துவிடும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டில் இருந்த தாய் தகப்பன் பலர் மண்ணுக்குள் போனார்கள். அந்த மாதிரி ஒரு பிள்ளையிடம் உட்கார்ந்து ‘உனக்கு இருப்பது குற்ற உணர்வு’ என்று எப்படிச் சொல்வது? அதன் காதில் முதலில் விழுவது ‘குற்றம்’. பிள்ளைகளை விட்டு வீட்டு வேலைக்கு குவைத் போய்த் திரும்பிய அம்மாமாரிடமும் இதே சிக்கல்தான். ‘கை தன்பாட்டுக்குக் கொழுந்து எடுக்குது, மனசு மட்டும் உறுத்திக்கிட்டே கெடக்கு’ என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தில் குற்றம் என்ற பேச்சே இல்லை. நாம் ஏன் அதைக் கொண்டுபோய் நுழைக்க வேண்டும்?

‘உறுத்தல்’ கண்ணில் விழுந்த தூசிக்கும் சொல்கிற சொல், கலைச்சொல்லுக்கு உரிய கனம் இல்லை என்று கண்டித் தோழி எழுதியிருந்தார். எனக்கு அதுவேதான் அதன் பலமாகப் படுகிறது. இன்சுலாவின் பங்கைப் பாருங்கள்: உடம்பு உணர்வதும் மனம் உணர்வதும் அங்கே பிரியாமல் கிடக்கின்றன. அந்தச் சேர்க்கையை ஒரே சொல்லில் காட்ட ‘உறுத்தல்’ போல் வேறொன்று எனக்குத் தட்டுப்படவில்லை. ‘பச்சாத்தாபம்’ இன்றைக்கு இரக்கம் என்ற பொருளுக்குப் போய்விட்டது. ‘கழிவிரக்கம்’ தன்னைத்தானே நொந்துகொள்வதாகிவிட்டது. ‘பழியுணர்வு’ பழிவாங்குவதை நினைவூட்டும். இந்த மூன்றையும் விட்டுவிடலாம்.

வெட்கத்தையும் இதையும் கலக்காமல் இருக்கவும் இது உதவும். உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இல் காட்டிய வேறுபாடு இது: வெட்கம் ‘நான் இப்படிப்பட்டவள்’ என்று முழு ஆளையும் தொடும், மற்றது ‘இதைச் செய்துவிட்டேன்’ என்று செயலைத் தொடும். வெட்கப்படுபவர் ஒளியப் பார்ப்பார், உறுத்தல் உள்ளவர் சரிசெய்யப் பார்ப்பார். தொண்டர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். ஒருவர் காம்பராவை (லய வீட்டு அறையை) விட்டு வெளியே வராமல் கிடக்கிறாரா, அல்லது ஓடி ஓடி எல்லாருக்கும் உதவிக்கொண்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்து அவரிடம் பேச வேண்டிய முறை மாறும்.

அடுத்து, பேரழிவில் உயிரோடு மிஞ்சியவர்களின் உறுத்தல். ஹிட்லரின் நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் 1960களில் உளமருத்துவர் வில்லியம் நீடர்லாண்ட் விவரித்தது அது. ‘பிழைத்தோர் உறுத்தல்’ என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. நான் எதிர்க்கிறேன். ‘பிழை’ என்றால் நம் நாட்டில் தவறு. சரி, ‘தப்பியோர்’ என்று போடலாமா என்றால் ‘தப்பு’ம் தவறுதான். உயிர் மீள்வதைச் சொல்லும் இந்த இரண்டு சொல்லிலும் குற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பிள்ளையிடம் எதைச் சொன்னாலும் காயம்தான். ‘எஞ்சியோர் உறுத்தல்’ என்றால் அந்த நிழல் இல்லை. கொஞ்சம் இலக்கிய வாடை அடிக்கும், ஆனால் பேச்சில் ‘மிஞ்சினவங்க உறுத்தல்’ என்று சொல்லிவிடலாம்.

நீதிமன்றத்துக்கும் சட்டத்துக்கும் ‘குற்றம்’ அப்படியே இருக்கட்டும். உண்மையிலேயே ஒருவர் தீங்கு செய்திருந்தாலும் அவர் படுவது உறுத்தல்தான். அது தேவையானதா, தேவைக்கு மிஞ்சியதா என்பது வேறு விசாரணை. அளவுக்கு மிஞ்சிய உறுத்தல் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதற்கு ‘மிகை உறுத்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘தீரா உறுத்தல்’ காதுக்கு நன்றாக இருந்தாலும், தீரவே தீராது என்று நோயாளி எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

கேள்விப் படிவத்தில் ‘உங்களுக்கு எதுவாவது உறுத்திக்கொண்டே இருக்கிறதா?’ என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அதை அங்குள்ள ஆட்களிடம் வாசித்துக் காட்டி, எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் திருத்த இடம் இருக்கிறது.