இறகுக்கணுவா, இறகுப்புடைப்பா?

அன்பர்களுக்கு வணக்கம். பறவைகளின் தோற்றம் பற்றிய பள்ளிச் சிறுநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் இடறி நிற்கிறேன். மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் 1998இல் கிடைத்த வெலோசிராப்டர் என்ற டைனோசரின் முன்கை எலும்பில் சீரான இடைவெளியில் ஆறு சிறு மேடுகள் இருப்பதை 2007இல் அறிவித்தார்கள். இன்றைய பறவைகள் பலவற்றின் சிறகெலும்பிலும் இவை உண்டு. இந்த மேட்டின் ஆங்கிலப் பெயரான 'குவில் நாப்' என்பதற்குத் 'தூவிமுளை' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

*

> தூவிமுளை

தூவி வேண்டாம் ஐயா. 'அனிச்சமும் அன்னத்தின் தூவியும்' என்ற குறளில் அது மென்மைக்கே எல்லை. இங்கே பேச்சு தண்டு தடித்த இறகைப் பற்றி. கரும்பில் கணுவில்தானே முளை விடுகிறது? 'இறகுக்கணு' என்க. தொல்காப்பியத்தின் மரபியலையும் பாருங்கள். 'பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை' என்றவர், அடுத்த நூற்பாவிலேயே 'தவழ்பவை தாமும் அவற்றோ ரன்ன' என்கிறார். ஊர்வனவற்றுக்கும் பறவைக்கும் உள்ள உறவு தொல்காப்பியர் அறிந்ததே!

*

குஞ்சுக்கு வழங்கும் பெயரைத்தான் அவர் சொல்கிறார், பரிணாமத்தை அல்ல. தொல்காப்பியரை விட்டுவிடுவோம்.

முளை, கணு இரண்டுமே பிழை. இறகு முளைப்பது தோலில். அதன் அடியை எலும்போடு பிணைக்கும் நார் பற்றுமிடமே இந்த மேடு. எல்லாப் பறவைக்கும் அது இருப்பதில்லை. ஆகவே மேடில்லாத புதைபடிவத்தைக் காட்டி இறகே இல்லை என்று வாதிடவும் முடியாது. 'முளை' என்று படிக்கும் பிள்ளை எலும்பிலிருந்து இறகு கிளம்புவதாகத்தான் நினைக்கும். 'இறகுப்பற்று' எனலாமா?

*

நாட்டுப்பற்று, மொழிப்பற்று, இறகுப்பற்று! வேண்டாமே.

ஆனால் பெயர் விஷயத்தில் கவனம் தேவைதான். 1923இல் அதே கோபியில் முட்டைக்குவியலோடு கிடைத்த விலங்குக்கு மறு ஆண்டே தொல்லுயிரியலாளர் ஆஸ்பார்ன் 'ஓவிராப்டர்', அதாவது முட்டைக்கள்வன், என்று பெயரிட்டார். 1990களில் அந்த வகை முட்டைக்குள்ளேயே அதன் சுற்றத்துக் கரு அகப்பட்டது. முட்டைகள்மேல் அடைகாத்தபடியே புதைந்த உறவினமும் வெளிப்பட்டது. குற்றம் பொய்த்தும் பெயர் போகவில்லை. நாமும் பிள்ளைகளுக்குப் புரியும்படி, பொய் சொல்லாத சொல்லாகப் போடுவோம்: இறகுப்புடைப்பு.

*

பெரும்பாலோர் புடைப்புக்கு இசைந்திருக்கிறீர்கள். நேரமில்லை, அதையே அச்சுக்குத் தருகிறேன். அனைவருக்கும் நன்றி.

*

எங்கள் பக்கம் புடைப்பு என்றால் அடிபட்ட வீக்கம். என் வாக்கு கணுவுக்கே. அதோடு, நூல் முழுக்க 'டைனோசர்' என்றே வருகிறதே, 'தொன்மா' என்ன குற்றம் செய்தது? தனி இழையில் கேட்கிறேன்.