பிரிட்டிஷ் நடிகர்களில் உங்கள் மனத்தை விட்டு அகலாதவர் யார்? ஒரு காட்சியோடு சொல்லுங்கள்

வசனவரி:

வணக்கம் நண்பர்களே.

படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நீங்கள் ஒரு முறை பார்க்கும் காட்சியை நான் இருபது முறை பார்ப்பேன். நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, உதடு திறக்கும் நொடியையும் மூடும் நொடியையும் குறித்துக்கொண்டு பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் பல நடிகர்கள் பத்தாவது முறைக்குள் வெளுத்துவிடுவார்கள். வெளுக்காதவர்கள் சிலர் உண்டு. என் கணக்கில் அவர்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ்காரர்கள்.

முதலில் ஆன்டனி ஹாப்கின்ஸ். வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட்டில் ரொட்டி சுட்டு விற்றவரின் மகன். அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தைத்தான் நினைப்பார்கள். திரையில் ஏறக்குறைய கால் மணி நேரமே வந்து, சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கிய படம் அது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது 1993இன் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே'. ஒரு பிரபுவின் மாளிகையில் தலைமைப் பட்லர் ஸ்டீவன்ஸாக வருகிறார். வீட்டு நிர்வாகி மிஸ் கென்டனாக எம்மா தாம்ப்சன்.

ஒரு மாலை, கையில் பூக்களோடு அவள் அவருடைய அறைக்குள் வருகிறாள். அவர் ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். என்ன புத்தகம் என்று கேட்கிறாள். காட்ட மறுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். அவள் நெருங்கி வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் புத்தகத்தை எடுக்கிறாள். சாதாரணக் காதல் கதை. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவதற்காகப் படிக்கிறேன் என்கிறார். அதற்கு முன்னால் ஒரு மௌனம் இருக்கிறது. அவர் நகர்வதில்லை, தடுப்பதுமில்லை. கண்கள் மட்டும் அவள் முகத்தின் மேல் நிற்கின்றன. பயிற்சிக் காலத்தில் இந்தக் காட்சிக்கு வரி எழுத உட்கார்ந்தேன். நேரக்கோடு ஓடிக்கொண்டே இருந்தது, வரி எழுதும் என் பெட்டி காலியாகவே கிடந்தது. அந்தக் காட்சியின் வசனம் முழுவதும் அந்தக் காலிப் பெட்டிக்குள்தான் இருந்தது. எழுத முடியாததை ஒருவர் நடித்துக் காட்டுகிறார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மேகி ஸ்மித் இதற்கு நேர் எதிர். 'டவுன்டன் ஆபி' தொடரில் பிரபு குடும்பத்து மூதாட்டி வயலட்டாக வந்து, "வார இறுதியா? அப்படியென்றால் என்ன?" என்று கேட்பார். அந்த ஒரு வரிக்கு ஒரு பிற்பகலையே செலவிட்டிருக்கிறேன். அவர் கிண்டல் செய்வதில்லை. உழைத்தே அறியாத ஒரு பெண்மணிக்கு உண்மையிலேயே எழும் சந்தேகம் அது. அந்த வெகுளித்தனத்தைத் தமிழில் கொண்டுவரத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது. 2024 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

விருதுக் கணக்கு வேண்டாம். ஒரு நடிகர், ஒரு காட்சி, அது ஏன் உங்களை விடவில்லை? சொல்லுங்கள்.

தாமதப்பயணி:

ஆலன் ரிக்மன். வேறு யாரையும் யோசிக்கவே தோன்றவில்லை.

நான் முப்பத்தொன்பதாவது வயதில் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போனவள். வகுப்பில் எல்லோரும் என்னை மேடம் என்று அழைப்பார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து தேர்வு எழுதுவேன். அந்த நாட்களில்தான் ரிக்மனைப் பற்றிப் படித்தேன். அவர் வரைகலை படித்தவர். நண்பர்களோடு சேர்ந்து வடிவமைப்பு நிறுவனம் நடத்தியவர். இருபத்தாறு வயதில் அதை விட்டுவிட்டு லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பல ஆண்டுகள் மேடைதான். அவருடைய முதல் திரைப்படமான 'டை ஹார்ட்' 1988இல் வெளியானபோது அவருக்கு வயது 42.

காட்சி கேட்டீர்கள். ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாவது படத்தில், ஆசிரியர் ஸ்னேப்பாக வரும் ரிக்மன் வகுப்பறைக்குள் நுழைந்து மந்திரக்கோலை வீச, சன்னல்கள் ஒவ்வொன்றாக அறைந்து சாத்திக்கொள்ளும். முன்னால் போய்த் திரும்பி, "பக்கம் முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கைத் திருப்புங்கள்" என்பார். அவ்வளவுதான் வசனம். ஒவ்வொரு அசையையும் எடைபோட்டு வைப்பதுபோலச் சொல்வார். இன்னொன்றும் உண்டு. ஸ்னேப்பின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எழுத்தாளர் ரௌலிங் ரிக்மனிடம் மட்டும் தொடக்கத்திலேயே ஒரு குறிப்புச் சொல்லியிருந்தார். கடைசிப் புத்தகம் 2007இல் வரும்வரை அதை அவர் வெளியே விடவில்லை. அது தெரிந்த பிறகு பழைய படங்களைத் திரும்பப் பாருங்கள். ஹாரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண்ணில் வெறுப்போடு வேறொன்றும் சேர்ந்திருக்கும்.

மழைக்குருவி:

தாமதப்பயணி அக்கா, ரிக்மன் கணவனாக நடித்த 'லவ் ஆக்சுவலி' படத்தையே நானும் சொல்லப் போகிறேன், ஆனால் எம்மா தாம்ப்சனுக்காக. கணவனின் கோட்டுப் பையில் ஒரு நெக்லஸைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் பரிசு தனக்குத்தான் என்று நம்பியிருப்பாள். பொட்டலத்தைப் பிரித்தால் ஜோனி மிட்செல் பாட்டு சிடி. படுக்கையறையில் தனியாக நின்று அழுவாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள், பிறகு குனிந்து படுக்கை விரிப்பைச் சரிசெய்வாள். விரிப்பு கலைந்திருக்கவே இல்லை. எனக்கு அந்தக் கை போதும்.

பேரேடு:

எல்லோரும் புகழ்பெற்றவர்களைச் சொல்கிறீர்கள். நான் டோபி ஜோன்ஸையும் மோனிகா டோலனையும் சொல்கிறேன். ஹாரி பாட்டர் படங்களில் டாபி என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த அதே ஜோன்ஸ்தான்.

பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை, தபால் நிலையங்களை நடத்திவந்த 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டனர். ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை தவறாகக் காட்டிய தொகைதான் பெரும்பாலும் சாட்சி. இந்தக் கதை 2024 ஜனவரியில் ஐடிவி தொலைக்காட்சியில் நான்கு இரவுகள் தொடராக வந்தது. விடாமல் போராடிய ஆலன் பேட்ஸாக ஜோன்ஸ், அந்தத் தீர்ப்புக்கு ஆளானவர்களில் ஒருவரான ஜோ ஹாமில்டனாக டோலன். தொடர் முடிந்து ஒரு வாரத்திற்குள் பிரதமர் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். அந்த மே மாதமே சட்டம் நிறைவேறித் தீர்ப்புகள் ரத்தாயின.

ஒரு காட்சி. கணக்கில் துண்டு விழுகிறது. ஜோ உதவி எண்ணுக்குப் பேசுகிறாள். அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்துகிறாள். துண்டுத்தொகை கண்ணெதிரிலேயே இரட்டிப்பாகிறது. டோலன் அங்கே கத்துவதில்லை. தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்ற முகம் வந்துவிடுகிறது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் காசாளராக இருந்த ஓர் இடத்தில் ஒரு மாலை இப்படித்தான் துண்டு விழுந்தது. ஏழு முறை எண்ணினேன். கணினி பொய் சொல்லாது என்று மேலே இருந்தவர் சொல்லிவிட்டார். கைப்பணம் போட்டுக் கட்டினேன். ஆறு வாரம் கழித்துப் பிழை வேறிடத்தில் என்று தெரிந்தது, பணம் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஆறு வாரமும் நான் என்னையே சந்தேகித்தேன். அதை ஒருவர் இவ்வளவு சரியாக நடிக்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜோன்ஸ் அந்தத் தொடரில் குரலை உயர்த்துவதே அரிது. கோப்புக்கட்டை எடுத்துவைத்து, அடுத்த கடிதத்தை எழுதுவார். பிடிவாதம் என்றால் அது.

செவிச்செல்வம்:

ஜூடி டென்ச். என் அம்மாவுக்காகச் சொல்கிறேன்.

ஆங்கில ஆசிரியையாக இருந்த அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. எதிரே நிற்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. டென்ச்சுக்கும் இதே நோய். 2012இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிரதியைப் படிக்க முடியாது, பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் வசனத்தை மனப்பாடம் செய்துவந்தார்.

2023 அக்டோபரில் கிரஹாம் நார்ட்டனின் பேட்டி நிகழ்ச்சியில், சோஃபாவில் உட்கார்ந்தபடியே ஷேக்ஸ்பியரின் 29ஆவது சானெட்டை, அதாவது பதினான்கு வரிக் கவிதையை, மனப்பாடமாகச் சொன்னார். அப்போது அவருக்கு 88 வயது. தாளில்லை, தடுமாற்றமில்லை. பேசிக்கொண்டிருந்த குரலிலேயே கவிதைக்குள் போய்விட்டார். அதுவரை கலகலப்பாக இருந்த அரங்கம் அடங்கிப்போனது. நான் கைப்பேசியை அம்மாவின் காதருகே பிடித்திருந்தேன். கடைசி இரண்டு வரிகளை அம்மாவும் உதட்டுக்குள் சேர்ந்து சொன்னார். கண் போன பிறகு அம்மா தன் பாடப்புத்தகக் கவிதை எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது தினமும் ஒன்று சொல்கிறார்.

வசனவரி:

எல்லோருக்கும் நன்றி. மழைக்குருவி, அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தும் விரிப்பை நான் கவனித்ததில்லை. நேற்று நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

பேரேடு ஐயா, அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுதியதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

செவிச்செல்வம், இரவு விளக்கையும் திரையையும் அணைத்துவிட்டு அந்தச் சானெட்டை மூன்று முறை கேட்டேன். படத்தோடு பார்த்தபோது புலப்படாத ஒன்று காதில் விழுந்தது. கவிதையின் போக்கு மாறும் இடத்தில் அவர் குரல் லேசாக மேலே எழுகிறது. எந்தச் சொல்லில் எழத் தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்களேன்.