அக்குள் சதை ஆபரேஷன்: பால் குடி மறந்த பிறகா, இப்பவேவா?

கயல், திருநெல்வேலி

எனக்கு வயசு 31. ரெண்டு பிள்ளைக. சின்னவனுக்கு ஒண்ணேகால் வயசு, ராத்திரி மட்டும் இன்னும் பால் குடிக்கான்.

மூத்தவ பிறந்து பால் கட்டின சமயத்துல ரெண்டு அக்குள்லயும் எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கிட்டு. கையை உடம்போட சேர்த்து வைக்க முடியல. கொஞ்ச நாள்ல வத்துச்சு, ஆனா முழுசாப் போகல. ரெண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வலது பக்கம் அப்படியே நின்னுட்டு, இடது பக்கமும் கொஞ்சம் இருக்கு. பீரியட்ஸுக்கு முன்னாடி கனத்து வலிக்கும். பிளவுஸ் கை அறுத்து, வேர்வையில புண்ணாவே இருக்கு. அத்தை "சதை போட்டிருக்கு, சோத்தைக் குறை"ங்காவ. குறைச்சும் பாத்தாச்சு. முகம்தான் ஒட்டிப்போச்சு, இது அசையல.

டாக்டரம்மா அல்ட்ராசவுண்ட் எடுத்துட்டு, "மார்புல இருக்கிற அதே திசு அக்குள்ளயும் இருக்கு, பயப்படுற மாதிரி கட்டி எதுவும் இல்ல, தொந்தரவா இருந்தா அறுத்து எடுக்கலாம்"னாங்க. இன்னொரு கிளினிக்ல "லைப்போசக்ஷன்ல உறிஞ்சிரலாம், தழும்பே தெரியாது"ங்காங்க. எது சரி? பிள்ளையைத் தூக்காம எத்தனை நாள் இருக்கணும்? செஞ்சவங்க சொல்லுங்க.

தையல்கடை அம்மணி, ஈரோடு

கண்ணு, நானும் ரெண்டு பக்கமும் எடுத்தவதான். எம் பொழப்பே கையை நம்பித்தான், அதனால எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் படுத்தேன்.

முதல்ல உங்க அத்தைகிட்ட இது சோத்துல வந்த சதை இல்லைன்னு சொல்லிரு. வயித்துல கருவா இருக்கறப்பவே அக்குள்ல இருந்து தொடை இடுக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் பால்கோடுன்னு ஒண்ணு உருவாகுமாம். அப்புறம் நெஞ்சுல மட்டும் தங்கி மத்ததெல்லாம் மறைஞ்சுரோணும். மறையாம மிஞ்சினது அதிகமா நிக்கிற இடம் அக்குள்தான். பால் சுரப்பி உள்ள இருக்கறதுனாலதான் மாசாமாசம் கனக்குது, பிரசவத்துல வீங்குது. சில பேருக்கு அங்கேயே சின்னக் காம்பு இருக்கும், பால் கசியறதும் உண்டு. பட்டினி கிடந்தா சுத்தியிருக்கிற கொழுப்பு வேணா கொஞ்சம் வத்தும், சுரப்பி போகாது. கடைக்கு வர்ற பிள்ளைகள்ல எத்தனையோ பேர் ஆர்ம்ஹோல் அளவெடுக்கறப்ப கையைத் தூக்கவே கூச்சப்படறாங்க. இது ஒரு குத்தமா? எனக்கு அதைப் பாத்தா மனசு ஆறாதுங்க.

லைப்போசக்ஷன் விசயம். குழாய் உறிஞ்சறது கொழுப்பைத்தான். சுரப்பி கெட்டியா நார் மாதிரி இருக்கும், நல்லா வராது. மிஞ்சினா அடுத்த பிரசவத்துல திரும்ப வீங்கும். ஸ்கேன்ல கொழுப்புதான் ஜாஸ்தின்னா அது போதும். சுரப்பி இருக்குன்னா வெட்டித்தான் எடுக்கோணும், ஓரத்தைச் சமப்படுத்த மட்டும் உறிஞ்சுவாங்க. எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க. உன் ரிப்போர்ட்டைக் கையில வெச்சுட்டு, எது எவ்வளவுன்னு நேரா கேளு. எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்புவாங்களான்னும் கேளு. மார்புல வர்ற எந்த நோயும் இந்தத் திசுவிலயும் வரலாம், அபூர்வம்னாலும் வரலாம். அனுப்பாம விடவே கூடாது.

ஆபரேஷன் அன்னிக்குக் காலையில நிக்க வெச்சு, கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லி, இடுப்புல வெச்சு அழுத்தச் சொல்லி பேனாவுல வரைஞ்சாங்க. நாங்க துணியில சாக்குல வரையற மாதிரியேதான். அக்குள் மடிப்புக்குள்ளயே கோடு விழற மாதிரி வெட்டறதுனால, கையை இறக்கினா தழும்பு தெரியறதில்ல. முழு மயக்கம்தான். நீர் கோத்துக்காம இருக்க ஒரு டியூப் வெச்சு பாட்டில்ல விடுவாங்க. எல்லாருக்கும் டியூப் வெக்கறதில்லையாம். நான் கழுத்துல மாட்டற மாதிரி ரெண்டு துணிப்பை முன்னாடியே தெச்சு வெச்சிருந்தேன், பாட்டிலை அதுல போட்டுட்டு நடமாடினேன்.

யாரும் வாய் விட்டுச் சொல்லாத ஒண்ணு மரத்துப்போறது. மேல்கையோட உட்பக்கத்துக்குப் போற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. எனக்குச் சேலை உரசறதே தெரியல. குண்டூசி குத்தினாக்கூட பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். பொறவு சுறுசுறுன்னு உணர்ச்சி வந்துருச்சு. இடது பக்கம் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவு இடம் இன்னும் மரத்தே இருக்குது. அதைக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே டாக்டர் சொன்னதுனால நான் பதறல. உன் டாக்டரும் சொல்லோணும், சொல்லலைன்னா நீ கேளு.

மெஷின்ல சீக்கிரம் உக்காந்துட்டேன். பெரிய கத்தரிக்கோல் புடிச்சுத் துணி வெட்டறதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு. தோள் முழுசா ஒத்துழைச்சாத்தான் அது நடக்கும்.

பிசியோ வாணி, திருச்சி

நான் பிசியோதெரபிஸ்ட். அம்மணி அக்கா சொன்னதோட ஒண்ணு: வலிக்கு பயந்து கையை உடம்போட ஒட்டியே வெச்சுக்கிறவங்களுக்குத்தான் தோள் இறுகிப் போகுது. டாக்டர் அனுமதிச்ச உடனே தோளைச் சுழற்றுறது, அப்புறம் சுவர்ல விரலால மெல்ல மேலே ஏறுறதுன்னு ஆரம்பிச்சிடணும். சில பேருக்கு அக்குள்ல தோலுக்கு அடியில கயிறு இழுத்த மாதிரி தடிச்சு நிக்கும், நீட்டிப்புப் பயிற்சியில சரியாகும். பளு தூக்குறது பொதுவா மூணு நாலு வாரத்துக்கு வேண்டாம்பாங்க. குழந்தையும் பளுதான், கயல். உட்கார்ந்துக்கிட்டு மடியில ஏற விடுங்க, குனிஞ்சு தூக்காதீங்க. திடீர்னு புடைச்சா, சிவந்து காய்ச்சல் அடிச்சா அன்னிக்கே போயிடுங்க.

சுபா, கோவை

இன்ஷூரன்ஸ்ல "அழகு சிகிச்சை"ன்னு தள்ளப் பாப்பாங்க, என் தங்கச்சிக்கு முதல்ல அப்படித்தான் ஆச்சு. வலி, தோல் புண், கை அசைக்க சிரமம் இதையெல்லாம் டாக்டர் லெட்டர்ல எழுதச் சொல்லி, ஸ்கேனோட சேர்த்து அட்மிஷனுக்கு முன்னாடியே அனுமதி கேளுங்க.

கயல், திருநெல்வேலி

ரொம்ப நன்றிக்கா. கத்திக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பால் குடிக்கான்ல, அது மறக்கும் வரைக்கும் பொறுக்கணுமா? ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயா?

தையல்கடை அம்மணி, ஈரோடு

பொறுக்கோணும் கண்ணு. பால் நின்னு சில மாசம் போனா திசு சுருங்கி, ரத்த ஓட்டமும் குறைஞ்சிருக்கும். இப்பவே வெட்டினா புண்ணுல பால் கசிஞ்சு ஆறறதுக்கு இழுக்கும். மூணாவது குழந்தை யோசனை இருந்தா அதையும் முடிச்சுக்க. இதுல அவசரம்னு ஒண்ணுமில்ல, ஸ்கேன்தான் நல்லா இருக்குதே. ஆனா கெட்டியா தனிக் கட்டி ஏதாச்சும் கைக்குத் தட்டுப்பட்டா மட்டும் காத்திருக்காத, உடனே காட்டு.

நான் ரெண்டையும் ஒண்ணாத்தான் செஞ்சேன், ஒரே மயக்கம். ஆனா ரெண்டு கையும் ஒரே நேரத்துல ஓய்ஞ்சுரும், தலை சீவிவிடக்கூட ஆள் வேணும். உங்கம்மா வந்து தங்க முடிஞ்சா மட்டும் அப்படிச் செய். தலை வழியா மாட்டற நைட்டி ஆகாது, முன்னாடி முழுசா ஜிப் வெச்சதா ரெண்டு மூணு எடுத்து வெச்சுக்க. கை வெட்டு லூசா இருக்கோணும்.