பிளேடு பத்து நிமிடம் ஊறவேண்டுமா, துடைத்தால் போதுமா?

மூன்றுநாய்
நேற்று இன்னொரு இழையில் கத்தரிக்கோல் என்பவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இருபது ஆண்டுகளாக நாய்களுக்கு முடி வெட்டுகிறேன். ஒரு நாய் முடிந்ததும் மெஷின் பிளேடை டெட்டால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த நாயை மேசையில் ஏற்றுவேன். கிருமிநாசினிக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவேண்டும் என்பதெல்லாம் மருத்துவர்கள் கிளப்பிவிட்ட பயம்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கடந்த தை மாதம் என் ஷிட்சூவை ஒரு கடையில் முடி வெட்ட விட்டேன். பதினைந்தாம் நாள் அதன் இடது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி உதிர்ந்து, ஓரமெல்லாம் செதில் படிந்திருந்தது. மறுவாரம் என் மகளின் முன்கையில் சிவப்பு வளையம். இருவருக்கும் படர்தாமரை. நாயின் முடியை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்றார்கள். ஒன்றரை மாதம் மாத்திரை, வாரம் இருமுறை மருந்துக் குளியல், தலையணை உறை முதல் சோபா வரை துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்தது. அந்தக் கடையிலும் துணியால்தான் துடைத்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். இந்தப் பூஞ்சையின் வித்துகள் உதிர்ந்த முடியில் ஒட்டிக்கொண்டு ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். துணி அதை என்ன செய்யும்?

கத்தரிக்கோல்
அம்மா, உங்கள் மகளுக்கு வந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அது என் கடையில் நடக்கவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றியது ஏன்? நோய் தொற்றி வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அந்தப் பதினைந்து நாளில் உங்கள் நாய் ஒரு தெருப்பூனையைக்கூட முகரவில்லையா? அந்தப் பூஞ்சைக்குத் தாய்வீடே பூனைதான்.

ப்ளீச்சில் பத்து நிமிடம் போட்டால் பிளேடு துருப்பிடிக்கும். பத்தாம் எண் பிளேடு ஒன்றை மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறேன். பல் மழுங்கினால் முடியைக் கவ்வி இழுக்கும், தோல் கிழியும். கிழிந்த தோலில் கிருமி ஏறாதா? பத்து நிமிடம் என்று சொல்பவர்கள் ஒருநாளும் மெஷினைக் கையில் பிடித்ததில்லை.

மூன்றுநாய்
ப்ளீச் என்று நான் எங்கே சொன்னேன்? பிளேடைத் துருப்பிடிக்க வைக்காத கரைசல்கள் விற்பனையில் இருக்கின்றன. முதலில் பிரஷ்ஷால் முடியைத் தட்டுங்கள், கழுவுங்கள், பிறகு கரைசலில் போடுங்கள். முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய பிளேடில் எந்த மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. ஒரு பிளேடு ஊறும்போது அடுத்த பிளேடை மாட்டுங்கள். உங்களிடம் எத்தனை பிளேடு இருக்கிறது?

கால்நடை மூன்றாமாண்டு
இருவரும் ஒரு நொடி நில்லுங்கள். சுத்தம் செய்வது வேறு, கிருமிநீக்கம் வேறு, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 பாகை வெப்பத்தில் வைத்து எல்லா உயிரையும் அழிப்பது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம்? ஊறவேண்டிய நேரம் கரைசலைப் பொறுத்தது, லேபிளிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வகையில் சிலவற்றுக்கு ஐந்து நிமிடமே போதும்.

என்னைக் கேட்டால் பிளேடைவிட ஷாம்பு பாட்டில்தான் அதிகம் பயப்பட வேண்டியது. தண்ணீர் கலந்த ஷாம்புவை நாள்கணக்கில் வைத்திருந்தால் அதில் சூடோமோனாஸ் பாக்டீரியா பெருகிவிடும். அதைப் போட்டு முடியின் போக்குக்கு எதிராகத் தேய்த்தால் மயிர்க்கால்களுக்குள் இறங்கும். குளித்த ஓரிரு நாளில் நாய்க்குக் காய்ச்சல் வரும், முதுகெல்லாம் கொப்புளம் கிளம்பும், தொட்டால் அலறும். வீட்டுக்காரர்கள் முதுகெலும்பில் அடி என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கத்தரிக்கோல்
தம்பி, முதலில் படித்து முடியுங்கள். ஷாம்புவைத் தினமும் காலையில் புதிதாகத்தான் கலக்குகிறேன். இங்கே பேச்சு பத்து நிமிடத்தைப் பற்றி. என் கடையில் புற ஊதா விளக்குப் பெட்டியும் இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றுநாய்
அந்த ஊதா வெளிச்சம் படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். பிளேடின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே முடி சிக்கியிருக்கிற இடத்தில் எப்படிப் படும்? நிழலில் இருக்கும் வித்து நிழலிலேயே பிழைத்துக்கொள்ளும். அந்தத் தம்பி லேபிளைப் படியுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அவரை ஏன் மட்டம் தட்டுகிறீர்கள்? எத்தனை பிளேடு என்று கேட்டேன், பதில் இல்லை.

ராஜபாளையத்தான்
எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக ராஜபாளையம் நாய்தான். முடி வெட்டும் வேலையே கிடையாது. நம் வெயிலுக்கு ஷிட்சூவையும் ஹஸ்கியையும் வாங்கிவந்துவிட்டு அப்புறம் பிளேடு, பூஞ்சை என்று அழுவானேன்? கத்தரிக்கோல் அவர்களைப் பற்றி எனக்கும் தெரியும். போன சித்திரையில் கோல்டன் ரெட்ரீவரை மொட்டையடித்தால் குளிர்ச்சி என்று இதே வாயால்தான் சொன்னார். ஈரடுக்கு முடி உள்ள நாய்க்கு அந்த முடியே வெயிலைத் தடுக்கும் கூரை. அன்று எடுத்துச் சொன்ன என்னைக் கிணற்றுத் தவளை என்றார். நான் மறக்கவில்லை.

கத்தரிக்கோல்
மறக்க வேண்டாம். வாடிக்கையாளர் கேட்டார், வெட்டினேன். முடி வளர்ந்துவிட்டது. அந்த நாய் இன்றும் என்னிடம்தான் வருகிறது.

மூன்றுநாய்
ராஜபாளையத்தாரே, படர்தாமரை இனம் பார்த்து வருவதில்லை. உங்கள் நாயையும் யாரோ ஒருவர் ஒரு பிரஷ்ஷால் சீவத்தானே செய்கிறார்? ஷிட்சூ வாங்கியது என் குற்றம் என்றால் என் மகளின் கையில் இருந்த வளையமும் என் குற்றமா? பேச்சை மாற்றாதீர்கள். கத்தரிக்கோல் அவர்களே, பத்து நிமிடம்.

பூனைவீட்டுக்காரி
எல்லோரும் பிளேடையே பிடித்துத் தொங்குகிறீர்கள். டெட்டாலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? அதிலுள்ள குளோரோசைலினால் என்ற கிருமிநாசினி, பீனால் வகை வேதிப்பொருள். பூனையின் கல்லீரலால் அதை ஒழுங்காக உடைத்து வெளியேற்ற முடியாது. அந்தத் துணியால் துடைத்த பிளேடு பூனையின் வயிற்றில் படும். வீட்டுக்கு வந்ததும் பூனை செய்கிற முதல் வேலை உடம்பை நக்குவது. தரைக்குப் போடும் பினாயிலும் அப்படித்தான், பாதத்தில் ஒட்டி வாய்க்குள் போகும். கத்தரிக்கோல் ஐயா, உங்கள் கடைக்குப் பூனை வருகிறதா?

கத்தரிக்கோல்
நான் பூனை எடுப்பதில்லை.

பூனைவீட்டுக்காரி
போன மாதம் ஒரு பாரசீகப் பூனையின் படத்தை நீங்களே போட்டிருந்தீர்கள். கழுத்தில் நீல ரிப்பன்.

கத்தரிக்கோல்
அது என் தங்கையின் பூனை. குடும்பத்தை இழுக்காதீர்கள்.

மூன்றுநாய்
தங்கையின் பூனையையும் அதே மேசையில்தானே நிறுத்தினீர்கள்? அந்தப் பூஞ்சைக்குத் தாய்வீடே பூனை என்று எனக்குப் பாடம் நடத்தியவர் நீங்கள்தானே?

இன்னொன்றும் கேளுங்கள். 1978-ல் உலகமெங்கும் பரவத் தொடங்கிய, நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ், மலத்தில் வெளியேறி மாதக்கணக்கில் தரையில் அழியாமல் கிடக்கும். ஸ்பிரிட் தெளித்தால் அதை நம்பிக்கையாகக் கொல்ல முடியாது. ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய தரையிலும் கூண்டிலும் பத்து நிமிடம் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மறுபடியும் அதே பத்து நிமிடம். தடுப்பூசி முடியாத இரண்டு மாதக் குட்டியை நகம் வெட்டக் கொண்டுவருகிறவர்கள் உங்களை நம்பித்தானே வருகிறார்கள்?

உக்கடம் வாசி
இதையெல்லாம் கேட்க சட்டம் இல்லையா? 2018-ல் செல்லப்பிராணிக் கடைகளுக்கு மத்திய அரசு விதிகள் கொண்டுவந்ததே?

மூன்றுநாய்
அந்த விதிகள் பிராணிகளை விற்கும் கடைகளுக்கு. முடி மட்டும் வெட்டுகிற கடைக்குள் நுழைந்து பிளேடை எடுத்துப் பார்க்க அவற்றில் வழியில்லை. அதனால்தான் நாமே கேட்கவேண்டியிருக்கிறது. கடைக்குள் போனதும் நான் மூன்றைப் பார்க்கிறேன்: கரைசலில் பிளேடு கிடக்கிறதா, கலந்த கரைசலின் மேல் தேதி ஒட்டியிருக்கிறதா, ஒரே துண்டால் இரண்டு நாய்களைத் துவட்டுகிறார்களா. மூன்றாவதற்கே பல கடைகள் தோற்றுவிடுகின்றன.

கத்தரிக்கோல்
குளியலும் முடிவெட்டும் சேர்த்து எண்ணூறு ரூபாய் என்றால் அறுநூறுக்கு வராதா என்று வாசலில் நின்று பேரம் பேசுகிறீர்கள். நாய்க்கு ஒரு துண்டு, நாய்க்கு ஒரு பிளேடு, பத்து நிமிடம் காத்திருப்பு என்றால் ஆயிரத்து இருநூறு கேட்பேன். தருவீர்களா? இருபது ஆண்டில் என் கடையிலிருந்து ஒரு புகார் வந்ததில்லை.

கால்நடை மூன்றாமாண்டு
புகார் வரவில்லை என்றால் தொற்று வரவில்லை என்று ஆகாது. மூன்று வாரம் கழித்துத் தெரிகிற நோய்க்கு யார் உங்களிடம் திரும்பி வருவார்கள்? எந்தக் கரைசல் வாங்குகிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்
துடைத்தால் போதும் என்று சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, பதினான்கு நாய்கள் பதிவாகியிருக்கின்றன. உங்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

மூன்றுநாய்
ஆயிரத்து இருநூறு தருகிறேன். பதினான்கு நாய்களுக்கு எத்தனை பிளேடு?

ராஜபாளையத்தான்
மொட்டையடித்த கோல்டனும் அந்தப் பதினான்கில் ஒன்றா?