முட்டி சரியாகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை

இடதுவிங்:
வணக்கம். கல்லூரி கால்பந்து அணியில் இடது விங்கில் ஆடுகிறேன். போன வருடம் ஒரு மேட்சில் யாரும் இடிக்கவேயில்லை, பந்தை வெட்டித் திரும்பும்போது வலது முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம், ஏசிஎல், அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைக்கும் நார், கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இப்போது 11 மாதம். ஒற்றைக்காலில் தாண்ட வைத்து, தொடை பலம் பார்த்து, எல்லாம் இன்னொரு காலுக்குச் சமமாக வந்துவிட்டது, ஆடலாம் என்று பிசியோ சொல்லிவிட்டார்.

ஆனால் எதிரே ஒரு டிஃபெண்டர் சறுக்கிக்கொண்டு வந்தாலே உடம்பு தானாகப் பின்வாங்குகிறது. பந்து காலுக்கு வந்ததும் யாரிடமாவது தள்ளிவிடத்தான் தோன்றுகிறது. மேட்சுக்கு முந்தைய ராத்திரி தூக்கம் கிடையாது, காலையில் குமட்டல். போன வாரம் பயிற்சி நடுவில் பாத்ரூம் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். கோச்சிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்தான் சீட்டே கிடைத்தது. வீட்டில் சொன்னால் "பட்டது போதும்மா, விட்டுடு" என்பார்கள். யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா? எப்படி வெளியே வந்தீர்கள்?

ஸ்டாப்பர்_அக்கா:
தங்கச்சி, பாத்ரூமில் முகம் கழுவியது வரைக்கும் எனக்கும் இதே கதைதான். நான் யாரிடமும் சொல்லாமல் ஏழாவது மாதமே இறங்கிவிட்டேன். பயந்துகொண்டே அரைகுறையாகக் காலை நீட்டி, மற்றக் காலில் கணுக்கால் பிசகி, அந்த சீசனே போனது. பயத்தை மறைத்ததுதான் நான் செய்த தப்பு.

எனக்கு உதவியது ஒரு சின்ன விஷயம். கூட ஆடும் ஒரு பெண்ணிடம் மட்டும் சொன்னேன். பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு இருபது நிமிடம் அவள் என்னோடு இருப்பாள். முதலில் நடந்து வந்து பந்தைப் பறிப்பாள், நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் மெதுவோட்டம், அப்புறம் தோளோடு தோள் இடிப்பது, கடைசியில்தான் சறுக்கி வரும் டாக்கிள். அதற்கு வரவே ஆறு வாரம் ஆனது, நடுவில் இரண்டு முறை பின்னால் போய் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு நாள் அவள் சறுக்கி வந்தபோது நான் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், முட்டி ஞாபகமே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

முட்டிவைத்தியர்:
விளையாட்டு பிசியோவாக இருக்கிறேன். ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்கு ஏசிஎல் கிழிவது இரண்டு மடங்குக்கும் மேல், அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். தாண்டும் டெஸ்ட் காலை மட்டும்தான் அளக்கும். மனசுக்கென்று ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று 12 கேள்வி கொண்ட தாள் ஒன்று 2008 முதல் இருக்கிறது, பயம், நம்பிக்கை, மறுபடி அடிபடுமோ என்ற கணக்கு மூன்றையும் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுவோம். உங்கள் பிசியோவிடம் அதைக் கேளுங்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால் அவரே கோச்சிடம் "இன்னும் சில வாரம் பாதி நேரம் மட்டும் ஆடட்டும்" என்று சொல்லலாம், நீங்கள் போய் அழ வேண்டியதில்லை. 9 மாதம் தாண்டியது நல்லது, ஆனால் 9 மாதம் ஆனதாலேயே தயார் என்று அர்த்தமில்லை. தூக்கமின்மையும் குமட்டலும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி-மானஸ்), தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வடசென்னை_ரசிகை:
பெத் மீடைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2022 பெண்கள் ஐரோப்பியக் கோப்பையில் (யூரோ) இங்கிலாந்து ஜெயித்தபோது தொடரின் சிறந்த வீராங்கனை, அதே நவம்பரில் ஏசிஎல். அடுத்த மாதமே அவருடைய துணை மீடமாவுக்கும் அதே காயம், ஜனவரியில் மீடின் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். துக்கமும் முட்டியும் ஒன்றாகச் சேர்ந்த அந்த மாதங்களில் 2023 உலகக் கோப்பையும் கைவிட்டுப் போனது. அதே உலகக் கோப்பையைக் கேப்டன் லியா வில்லியம்சனும் ஏசிஎல் கிழிந்து தவறவிட்டார். இரண்டு பேரும் 2025 யூரோ இறுதியில் பெனால்டி அடிக்க வந்தார்கள், இரண்டையும் ஸ்பெயின் கோல்கீப்பர் தடுத்துவிட்டார், அப்படியும் இங்கிலாந்து கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையைவிட அவர்கள் அந்தப் புள்ளிவரை நடந்து போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இடதுவிங்:
படித்துக்கொண்டே அழுதுவிட்டேன், இந்த முறை பாத்ரூமுக்குப் போகவில்லை. நாளைக்கு பிசியோவிடம் அந்தத் தாளைக் கேட்கிறேன். அக்கா, அந்த இருபது நிமிடத்துக்கு என் ரூம்மேட்டைக் கேட்டேன், சரி என்றுவிட்டாள். அவள் கோல்கீப்பர், டாக்கிள் செய்யத் தெரியாது. பரவாயில்லையா?

ஸ்டாப்பர்_அக்கா:
முதல் இரண்டு வாரம் நடந்து வரத்தானே போகிறாள், அதற்கு யாராக இருந்தாலும் போதும். ஷின் பேட் மட்டும் இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள்.