ஆண்டு விழா மேடை லைட்டு: உங்களுக்கு நடந்த கூத்தைச் சொல்லுங்க

உசிலம்பட்டி டீச்சர்:
மயில் டான்ஸ், ரெண்டாப்பு புள்ளைக. பச்சைப் பட்டு, நீல ஜிகினா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து நான்தான் தச்சேன். ரிகர்சல் பூராம் பகல்ல, ட்யூப்லைட்ல. விழா அன்னைக்கு லைட்டுக்காரத் தம்பி எடுப்பா இருக்கட்டும்னு முழுச் செவப்பத் தட்டி விட்டுட்டான். பச்சை அப்பிடியே கருப்பாயிருச்சு. முன் வரிசையில ஒரு அப்பத்தா சத்தமா "இது காக்கா டான்ஸாத்தா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, கூட்டமே சிரிச்சிருச்சு. மூணு வருசமாச்சு, இன்னும் காதுல கேக்குது.

மேலூர் லைட் சர்வீஸ்:
டீச்சர், தம்பிய வையாதீங்க. செவப்பு வெளிச்சத்துல பச்சை கருப்பாத்தான் தெரியும். என்ன வேசம், என்ன கலருன்னு எங்ககிட்ட ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்றதில்ல. எனக்கு நடந்தது வேற. புது ஆடிட்டோரியம், நேரா தலைக்கு மேல மட்டும் லைட்டு மாட்டி வச்சிருந்தாய்ங்க, பேச வந்த சீஃப் கெஸ்ட்டுக்கு கண்ணு ரெண்டும் குழி, மூக்கு நிழல் மீசையாட்டம் விழுந்து கெடக்கு. முன்பக்கம் லைட்டு வேணும்ங்க, ரெண்டு பக்கமும் மூஞ்சிக்கு 45 டிகிரி சாய்வுல. கட்டும்போதே ஆளுக உக்கார்ற பக்கம் சீலிங்ல குறுக்க ஒரு பைப்பு விட்டு லைன் இழுத்துருங்க. பின்னாடி ஸ்கிரீன்ல இருந்து புள்ளைகள நாலஞ்சு அடி தள்ளி நிறுத்துங்க, நிழல் ஏறாது. எல்இடின்னா செல்போன்ல வீடியோ எடுத்துப் பாத்து வாங்குங்க, மட்டமானதுல வரி வரியா ஓடும். அப்பறம் ஆளுக பக்கத்து லைட்டுக்குத் தனி சுவிட்சு...

திருமங்கலம் அப்பா:
அண்ணே, கொட்டேசன் யாரும் கேக்கல 😀 எங்க ஸ்கூல்ல 1000 வாட் ஹாலஜன் ஆறு, அம்புட்டையும் மேடை ஓரத்துல ஒத்த 16 ஆம்ப் பிளக்குல மாட்டிட்டாய்ங்க. 6000 வாட்டு, 230 வோல்ட்டுக்கு 26 ஆம்ப் இழுக்கும்ல. லோடு கூடுனா கரண்டை வெட்டுற எம்சிபி சுவிட்சு உடனே விழுகல, சூடேறி எம் மகன் பாரதியாரா வந்து நிக்கும்போது விழுந்துச்சு. கும்மிருட்டு. பய பாட்டை நிறுத்தலையே, இருட்டுக்குள்ள கொரல் மட்டும் வருது, எம் பொண்டாட்டி கையப் புடிச்சு நெரிக்கிறா. கரண்டு வந்து பாத்தா மீசை கையில இருக்கு, பய இன்னும் பாடிக்கிட்டிருக்கான்.

உசிலம்பட்டி டீச்சர்:
அந்த மயில் புள்ள இப்ப அஞ்சாப்பு. இந்த வருசமும் மயிலுதான் வேணும்ங்குது, ஆனா வெள்ளை மயிலாம். மேலூர்த் தம்பி, வெள்ளைக்குச் செவப்பு அடிச்சா என்னாகும்?

மேலூர் லைட் சர்வீஸ்:
செவப்பு மயிலு, டீச்சர்.