மறு: புரோகேரியோட், யூகேரியோட்: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

வணக்கம். பதினொன்றாம் வகுப்புத் துணைநூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லாத, பாக்டீரியா போன்ற புரோகேரியோட்டுக்குப் பிரதியில் ஒரு பக்கம் 'தொல்லுட்கரு உயிரி', அடுத்த பக்கம் 'நிலைக்கருவிலி' என்று கிடக்கிறது. சுருக்கமாக அதைக் கருவிலி, உட்கரு உள்ள யூகேரியோட்டைக் கருவுள்ளி என்று வைத்தால் என்ன? வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பின்வரிசைப் பையன் எழுந்து, "சார், சிவப்பணுவில் உட்கருவே இல்லை, அப்போ அதுவும் கருவிலியா?" என்றான். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

—

ஐயா, உள்ளி என்றால் யாழ்ப்பாணத்தில் பூண்டு! நாங்கள் செல்லைக் கலம், உட்கருவைக் கரு என்று படித்தவர்கள், இந்த இரண்டை மட்டும் புரோகரியோட்டா, இயூகரியோட்டா என்றே எழுதிப் பாஸ் பண்ணினோம். ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

—

விளங்கியது சரி, தமிழாகுமா? ஷாத்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் இச்சொற்களை ஆள எடுத்துக்கொண்டது 'கார்யோன்' என்ற கிரேக்கச் சொல்லை; கொட்டை, பருப்பு என்று பொருள். நம்மிடம் காழ் இருக்கிறதே! 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்கிறது தொல்காப்பிய மரபியல். பனைக்கு வயிரம் வெளிப்புறம்; அதைப் புல்லில் சேர்த்தது இதனால்தான். காழ் என்றால் வயிரம், விதை, கொட்டை எல்லாமே. 'புரோ' என்றால் முன், 'யூ' என்றால் நல்ல; ஆகவே முன்காழி, நன்காழி.

—

நன்காழி எதற்கு, சீர்காழி என்றே வைத்துவிடலாமே ஐயா, பேருந்தும் போகிறது.

விளையாட்டு போகட்டும். 'தொல்' வேண்டாம், நாளைக்கு ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்க் குழுவுக்குத் தொல்லுயிரி என்று எழுதும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். வெறும் 'கருவிலி'யும் ஆகாது. பாக்டீரியாவில் டி.என்.ஏ. இல்லாமலா இருக்கிறது? சவ்வு சுற்றாமல், செல்லை நிரப்பும் கூழான சைட்டோபிளாசத்தில் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். நிலைக்கருவிலியில் அந்த 'நிலை' இதைத்தான் சொல்கிறது. பையனுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது: நம் சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உட்கருவோடுதான் உருவாகிறது, முதிரும்போது அதைத் துப்பிவிடுகிறது. அதன் இளம் செல்லில், புரதம் செய்யும் ரைபோசோமைப் பார்த்தால் யூகேரியோட்டுக்குரிய 80எஸ் வகை, பாக்டீரியாவில் அதைவிடச் சிறிய 70எஸ். பெயர் உயிரிக்கு, ஒற்றைச் செல்லுக்கு அல்ல.

—

சரி, மூன்று பேர் சம்மதம், இரண்டு பேர் மௌனம். நிலைக்கருவிலி, மெய்க்கருவுயிரி என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் புரோகேரியோட், யூகேரியோட்டை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். தூக்கம் வருகிறது.

—

மெய் என்றால் உடம்பும்தான், எவனாவது உடற்கரு என்று படிப்பான். என் வாக்கு காழுக்கே. அச்சேற்றுங்கள், ஆனால் நடுவில் அந்தக் 'க்' விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.